பிணைக்காக ஓர் அறுபதாம் கல்யாணம்

ஜூன் 17, செவ்வாய்

மழை. காலை ஆறிலிருந்து ஒரே ஊற்று. கறுப்புச் சட்டை ஈரம், இடுப்பில் தமெய்ன் என்கிற பர்மியக் கைலி முழங்கால் வரை ஈரம். நீதிமன்ற பெஞ்சில் நான் எழுந்த இடத்தில் ஒரு சின்னக் குளம். குமாஸ்தா முறைத்தார்.

மா சோ வழக்கு. வயது 24, தையல் தொழிற்சாலைப் பெண், சங்கச் செயலாளர். ஏழு வாரமாக உள்ளே. குற்றம்: அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டியது. உண்மையில் அன்று மாலை அவள் விடுதியில் எட்டுப் பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்த எட்டுப் பேரையும் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று நீதிபதி, "பிணை கொடுக்கலாம்" என்றார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான்.

நிபந்தனை:
1. சொந்த வீடு உள்ள இரண்டு பிணையாளிகள். ஒருவராவது இந்த டவுன்ஷிப்காரர். வக்கீல் வீட்டு ஆட்கள் கூடாது.
2. இருவருக்கும் அவரவர் வார்டுத் தலைவரின் முத்திரையோடு சிபாரிசுக் கடிதம்.
3. எட்டுப் பெண்களின் வாக்குமூலம், கைரேகையோடு.
4. எல்லாம் 27, வெள்ளிக்குள்.

வெள்ளிக்குப் பிறகு இவருக்கு இட மாற்றல். கோப்பு போகும் இடத்தில் பிணை என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பார்கள். ஆக, பத்து நாள்.

மா சோவின் அம்மா, பெயர் டாவ் தான், வெளியே குடையில்லாமல் நின்றிருந்தார். மண்பானை செய்யும் த்வாண்டேயிலிருந்து வருகிறார், வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பானை. இத்துடன் ஒன்பது. பால்கனியில் காலை வைக்க இடமில்லை. "சயாமா, வெள்ளிக்கிழமை எம்பொண்ணு வந்துடுவாளா?" என்றார். ஆசிரியை, வக்கீல், மருத்துவச்சி, எல்லோரும் இங்கே சயாமாதான். பெயருக்கு முன்னால் வயதான பெண்ணுக்கு டாவ், இளையவளுக்கு மா, ஆணுக்கு ஊ, கோ. "பாக்கலாம்" என்றேன். என்னுடைய இந்தப் "பாக்கலாம்" எனக்கே பிடிக்கவில்லை.

வாங்க: மெழுகுவர்த்தி, அரிசி, கைரேகை மை, கோ லாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை.

பி.கு. இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது தமிழ்ப்பற்றால் அல்ல. வார்டு அலுவலகத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வீட்டிலும் தெரியாது. கோ லா என் கணவர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், பர்மியர். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: வா, சாப்பிடு, போதும். இருபத்தாறு வருடக் குடித்தனம். மற்ற பேச்செல்லாம் பர்மியத்தில். இங்கே என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

தேநீர்க் கடையில் கூட்டம். நாங்கள் நான்கு வக்கீல்கள். ஊ சேன், 71, மூத்தவர், எல்லாச் சட்டப் பிரிவும் நம்பரோடு மனப்பாடம், கண்ணாடியை எங்கே வைத்தார் என்பது மட்டும் தெரியாது. மா பியூ, 28, போனும் கையுமாகப் பிறந்தவள். எக்கலு, கரென் இனத்துக்காரர், வேன் வைத்திருப்பதால் எங்களுக்கு இன்றியமையாதவர், அது அவருக்கும் தெரியும். பிறகு நான்.

மனித உரிமைக்காக ஒன்றுகூடிய எங்களுக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. போன வருடம் ஐந்தாவதாக ஒருவர் சேர வந்தார். ஐந்து பேர் என்றால் சட்டப்படி கூட்டம், அனுமதி வேண்டும். அவரை வேறு மேசையில் தனியாக உட்காரவைத்தோம். இரண்டு வாரம் பொறுத்தார், பிறகு வரவில்லை.

முதல் பிணையாளி கிடைத்தாயிற்று. மா சோவின் சித்தி டாவ் மியா, க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாடு விற்கிறவர், சொந்த வீடு. நான் முழுதாகச் சொல்வதற்குள் சரி என்றார். ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று பத்து நிமிடம் திட்டு வேறு.

இரண்டாமவர் நம் டவுன்ஷிப்பில் வேண்டும். இன்று கேட்டவர்களும் பதில்களும்:

மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரர்: வீடு மனைவி பேரில் இருக்கிறது.
அவர் மனைவி: வீடு கணவர் பேரில் இருக்கிறது.
என் கல்லூரித் தோழி: சிக்னல் இல்லை, குரல் கேட்கவில்லை. (எதிர் நடைபாதையில் நின்று பேசினாள். எனக்குத் தெரிந்தது.)
கோயில் தர்மகர்த்தா: "ஆடி மாசத்துல நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்மா." இது ஆனி என்றேன். "அடுத்தது ஆடிதான?"
ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: பல் வலி. பல் செட் கட்டி மூன்று வருடமாகிறது.

கோபம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். வந்தது. பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்: நான் வக்கீலாக இல்லாமல் மூன்றாம் மாடியில் மருந்து விற்றுக்கொண்டிருந்தால்?

எட்டுப் பெண்களுக்கும் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. எங்கள் அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் வெள்ளையடிக்கிறேன் என்று பூட்டுப் போட்டு இரண்டு மாதம். ஒரு சட்டி சுண்ணாம்பு உள்ளே போகவில்லை. ஆகவே என் வீடு. எட்டும் நான்கும் டாவ் தானும் பதிமூன்று பேர். ஐந்து பேர் சேர்ந்தாலே வார்டு அலுவலகத்தில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மா பியூ படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன் என்றாள். "ஏதாவது தமிழ்ச் சடங்குன்னு போடு, அவங்க கேக்கமாட்டாங்க" என்றேன். இதற்கு முன்னும் செய்திருக்கிறோம். பிப்ரவரியில் காதுகுத்து. யார் காது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முன் புதுமனை புகுவிழா, இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு.

ஜூன் 19, வியாழன்

வார்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். படிவத்தைக் காட்டினார்கள். மா பியூ எழுதியிருந்தது: "கணவருக்கு அறுபதாம் கல்யாணம். மறுபடி தாலி கட்டுதல்."

போனில் தேடினாளாம். தமிழர்களிடம் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

வார்டுத் தலைவர் ஊ தின் முன்பு சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தவர். இந்தப் பதவியை அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை. மேசைக்கு அடியில் காற்றடிக்கும் பம்ப் இன்னும் இருக்கிறது. அவர் முன்னால் எங்கள் வீட்டுக் குடும்பப் பட்டியல். வீட்டில் யார் யார், எப்போது பிறந்தவர்கள், எல்லாம் அதில் உண்டு.

"சயாமா, கோ லாவுக்கு இதுல அம்பத்தேழுதான் ஆகுது."

இருபத்தைந்து வருடத் தொழில். வாய் தானாகத் திறந்தது.

"தமிழ்க் கணக்கு வேற, ஊ தின். வயித்துல இருந்த பத்து மாசமும் சேரும். அப்புறம் ரெண்டாவது வாசோ."

பர்மியப் பஞ்சாங்கத்தில் சில வருடங்களில் வாசோ மாதம் இரண்டு முறை வரும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தைச் சொன்னால்தான் மனிதர் தலையாட்டுவார்.

"அம்பத்தேழு வருஷத்துல இருபத்தொரு ரெண்டாவது வாசோ வந்திருக்கு. அதோட பத்து. முப்பத்தொரு மாசம். ரெண்டு வருஷம் ஏழு மாசம் ஆச்சா? அம்பத்தொம்பது முடிஞ்சு அறுபது நடக்குது."

அவர் தாளில் போட்டுப் பார்த்தார். அடித்தார். மறுபடி போட்டார். சரியாக வந்தது.

"அப்ப நான்? எனக்கு அம்பத்தெட்டு."

"உங்களுக்கு அறுபது தாண்டியாச்சு."

முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. படிவத்தில் முத்திரை குத்தினார். நான் எழுந்தேன். அப்போது சொன்னார்: "எங்க வீட்டம்மா தமிழ்க் கல்யாணம் பாத்ததே இல்ல. நாங்களும் வர்றோம். எத்தனை மணிக்குத் தாலி?"

ஜூன் 20, வெள்ளி

தூறல். மின்சாரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. அதற்குள் தண்ணீர் ஏற்றி, துணி தேய்த்து, போன் எல்லாம் சார்ஜ்.

கோயில் பூசாரி சுப்பையாவைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வந்து மணியாட்டினால் போதும் என்றேன். முடியாது என்றார்.

"மூணு வருசம் முந்தித் தாலி கட்டுனா ஆயுசுக்கு ஆகாதும்மா. மாலை வேணும்னா நான் குடுத்தனுப்புறேன். மந்திரம் சொல்லமாட்டேன்."

இரண்டாவது வாசோ கணக்கை எடுத்து விட்டேன்.

"அது அவுக பஞ்சாங்கம். நம்ம பஞ்சாங்கத்துல உங்க வீட்டுக்காரருக்கு அம்பத்தேழு."

மனுத் தள்ளுபடி. சரியான தீர்ப்பு என்பதால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

சாயங்காலம் தேநீர்க் கடையில் எல்லோரும் இருக்கும்போது ஊ சேனிடம் சொன்னேன். ஒரு வாய் தேநீர் குடித்தார். "நான் சொல்றேன் மந்திரம்" என்றார்.

"உங்களுக்கு சமஸ்கிருதம் தெரியுமா, சயா?"

"லத்தீன் தெரியும்."

அரசாங்கத்தைக் கேள்வி கேட்க மேல் நீதிமன்றத்தில் ஐந்து வகை ரிட் மனு உண்டு. பெயர்கள் பெரும்பாலும் லத்தீன். அவர் ஒரு காலத்தில் அவற்றில் புலி. "வாய் விட்டுச் சொல்லி எத்தனையோ நாளாச்சு. அங்க சொல்ல முடியல. உங்க வீட்டுலயாவது சொல்றேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் வேறு தொல்லை. கோ லா தனக்கு அறுபது என்று நம்பத் தொடங்கிவிட்டார். நான்கு மாடி ஏறியதற்கு முழங்கால் வலியாம். மூட்டையைத் தூக்கச் சொன்னால், "கணக்குப் பாத்தா எனக்கு..." என்று ஆரம்பிக்கிறார்.

ஜூன் 21, சனி

வாங்கியது: வாழையிலை, மஞ்சள் கயிறு, குங்குமம், சேமியா, வெல்லம், முந்திரி கொஞ்சம். மஞ்சள் கிழங்கு ஒன்று (தாலிக்கு. தங்கம் எதற்கு, ஒரு மணி நேரக் கல்யாணம்).

கைரேகை மை டப்பா திறந்தேன். பூசணம்.

இரண்டாவது பிணையாளி: இன்றும் இல்லை. இன்னும் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் கதவையே திறக்கவில்லை, உள்ளே தொலைக்காட்சி ஓடியது.

கயிற்றைச் சரிபார்த்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும், நுனியில் கிளிப், மேல் முனையில் மணி. பேப்பர்காரர் கீழே மாட்டி இழுத்தால் மேலே மணியடிக்கும். நாளைக்கு ஏதாவது கோளாறானால் தாள்களை இதில் இறக்கிவிட வேண்டும். எக்கலு வேனோடு கீழே நிற்பார். நிற்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

பெண்கள் எட்டுப் பேரும் ஒன்பது மணிக்கே வந்தார்கள், முகத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு, தலையில் பூ. இருவர் இன்சீனிலிருந்து சுற்று ரயிலில், நின்றுகொண்டே. கல்யாணம் பொய் என்று சொல்லியிருந்தும் ஒருத்தி பரிசு கொண்டுவந்தாள். தலையணை உறை, அவளே தைத்தது.

ஏற்பாடு: கூடத்தில் கல்யாணம், சமையலறையில் வாக்குமூலம். ஒவ்வொருத்தியாக "வெங்காயம் நறுக்க" உள்ளே போவாள், மா பியூ எழுதிக்கொள்வாள், கைரேகை. மைக்குப் பதில் குங்குமத்தில் எண்ணெய் விட்டுக் குழைத்தோம். நன்றாகவே பிடித்தது. எட்டு வாக்குமூலத்திலும் விஷயம் ஒன்றுதான்: அன்று மாலை மா சோ சோறு வடித்தாள். ஐந்து பேர் கேட்காமலே சேர்த்துச் சொன்னது: குழம்பில் உப்பு அதிகம்.

பதினொரு மணிக்கு வரவேண்டிய ஊ தின் பத்து மணிக்கே வந்துவிட்டார், மனைவி டாவ் கின்னோடும் ஒரு சுவர்க் கடிகாரத்தோடும். ஆறு முடிந்திருந்தது, இரண்டு பாக்கி. முடிந்த ஆறையும் மா பியூ பிளாஸ்டிக் பையில் போட்டுக் கயிற்றில் இறக்கினாள். எக்கலு வேனில் இல்லை. மொஹிங்கா நூடுல்ஸ் கடையில் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார். பை இரண்டாம் மாடி நேராகத் தொங்கியது. அங்கே இருக்கும் பெரியவர் பேப்பர் என்று உள்ளே இழுத்தார். அரை நிமிடம். பையை மறுபடி கிளிப்பில் மாட்டி, தானே கீழே இறக்கிவிட்டு, மணியை ஒரு முறை அடித்தார். அந்த மனிதரோடு நான் இருபது வருடத்தில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை தவிர வேறு பேசியதில்லை.

கூடத்தில் கோ லா பட்டுக் கைலியான லோஞ்ஜியில், தலையில் காவுங்பவுங் தலைப்பாகை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊ சேன் நெற்றி நிறைய விபூதி. கற்பூரம் ஏற்றி ஆரம்பித்தார்.

"மண்டாமுஸ். சர்ஷியோராரி. குவோ வாரண்டோ."

பாலி சூத்திரம் ஓதும் ராகத்தில் இழுத்து இழுத்து. ஊ தின் கை கூப்பினார். டாவ் கின் நெற்றி தரையில் படக் கும்பிட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். "பிரைமா ஃபேசி" வந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை. கடைசியாக "ஹேபியஸ் கார்ப்பஸ்" என்றார். ஆளைக் கொண்டுவந்து கண் முன்னால் நிறுத்து என்று பொருள். அங்கே ஊ சேனின் குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் இருமல் வரவில்லை.

கோ லா தாலி கட்டினார். நாங்கள் இருபத்தாறு வருடம் முன்பு பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டாரும் வரவில்லை. தாலி, மாலை எதுவும் கிடையாது, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இன்று மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டார், யாரிடமோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். "போதும்?" என்று தமிழில் கேட்டார். எனக்கு இந்தக் கல்யாணம் பிடித்திருந்தது. எழுதிவைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

இனித்தான் விஷயம்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டாவ் கின் தண்ணீர் தேடிச் சமையலறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே எட்டாவது பெண் கட்டைவிரல் சிவப்போடு நிற்கிறாள். மா பியூ தாள் மேல் வாழையிலையை மூடுகிறாள். டாவ் தான் மூலையில் உட்கார்ந்து, உரித்த பூண்டையே மறுபடி உரித்துக்கொண்டிருக்கிறார். டாவ் கின் இலையைத் தூக்கினார். படித்தார். முழுதும் படித்தார்.

"யாரு இந்த மா சோ?"

என்னிடம் ஆறேழு பொய் தயாராக இருந்தது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வாரம், வெள்ளிக்கிழமை, இரண்டாவது பிணையாளி, எல்லாம். வார்டுத் தலைவரின் மனைவியிடம்! மா பியூ என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

டாவ் கின் டாவ் தானிடம் திரும்பினார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"எம்மவ தாய்லாந்துல துணி தைக்கிறா. மூணு மாசமா போன்ல குரல் இல்ல." பிறகு என்னிடம்: "எங்கம்மா எனக்குக் குடுத்த வீடு, எம்பேருலதான் இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

வக்கீல் என்ற முறையில் எச்சரிக்க வேண்டும். எச்சரித்தேன். மா சோ தேதிக்கு வராவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள், வீடு போகலாம், உங்கள் கணவர் முத்திரை போட வேண்டும், அவருக்கும் ஆபத்து.

"போடுவாரு. முப்பது வருஷமா என் சோத்தைத்தான் தின்னுறாரு."

கூடத்தில் ஊ தின் மூன்றாவது கிண்ணம் பாயசத்தில் இருந்தார். மனைவி காதில் சொன்னார். கரண்டி நடு வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். ஊ சேனின் விபூதியைப் பார்த்தார். "அந்த மந்திரம்..." என்றார், முடிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஜூன் 23, திங்கள்

கடிதம் வரவில்லை.

ஊ சேன் கைதானால் எடுத்துக்கொள்ளக் கதவோரம் பை தயார் செய்து வைத்திருக்கிறாராம்: பல் பொடி, மாத்திரை, மாற்று லோஞ்ஜி, தடிப் புத்தகம் ஒன்று. மூக்குக் கண்ணாடி வைத்தீர்களா என்றேன். தேடப் போனார்.

மா பியூ என்னோடு பேசவில்லை. அவளுடைய கோபம் நியாயம். உண்மை பேச எனக்கு அந்த நாள்தான் கிடைத்ததா? நான்கு பேரின் கழுத்தையும் ஒரு குழாயடிப் பேச்சில் நீட்டிவிட்டேன். பெண்கள் எட்டுப் பேரின் பெயரும் அந்தத் தாள்களில். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவோரம் போய் நின்றேன். ஒரு தடவை தண்ணீர் பாட்டில்காரர். ஒரு தடவை கோ லா, மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

டாவ் கின்னுக்குப் போன் செய்யலாமா என்று நூறு தடவை. செய்யவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஏழு. பால்கனி மணி அடித்தது. பேப்பர் வரும் நேரம் இல்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் கயிற்றின் கீழே, எங்கள் வீட்டில் விட்டுப்போன அதே மாதிரி இன்னொரு கறுப்புக் குடை. முகம் தெரியவில்லை. கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் பிளாஸ்டிக் பை, உள்ளே சிபாரிசுக் கடிதம். முத்திரை மூன்று இடத்தில். ஒன்று போதும். பயத்தில் குத்தியிருக்கிறார், இல்லை கோபத்தில்.

கூட ஒரு துண்டுச் சீட்டு: "தமிழ்க் கல்யாணம் நன்றாக இருந்தது. பாயசத்தில் இனிப்பு கொஞ்சம் குறைவு."

குடை திரும்பிப் பார்க்காமல் தெருமுனை தாண்டிப் போயிற்று. நான் பானைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோ லா வந்து என்ன என்று கேட்டார். காட்டினேன். மூன்று தடவை படித்துவிட்டு, மாடியிறங்கி இரண்டிரண்டு படியாக ஓடினார், எக்கலுவிடம் சொல்ல. அறுபது வயசு!

ஜூன் 25, புதன்

டாவ் மியா தன் வார்டில் வாங்கிவந்த கடிதத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்தாயிற்று. குமாஸ்தா வாக்குமூலத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன சிவப்பு மை?"

"வெளிநாட்டு மை" என்றாள் மா பியூ. என்மேல் கோபம் தணிந்துவிட்டது என்பது இதிலிருந்து தெரிந்தது.

"கோயில் வாசனை வருது."

"அதான் விலை ஜாஸ்தி."

பதிவு நம்பர் போட்டுவிட்டார்.

தாலியை இன்னும் கழற்றவில்லை. கறுப்புச் சட்டைக்குள் மஞ்சள் கறை.

ஜூன் 26, வியாழன்

ஒன்றும் ஓடவில்லை. பயம். நீதிபதி நாளை விடுப்பு எடுத்தால்? டாவ் கின் மனம் மாறினால்? டாவ் மியாவை யாராவது சந்தையில் மிரட்டினால்? ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் குறையும் என்று நினைத்தேன். கூடுகிறது.

டாவ் தான் எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். விருந்தாளி என்று வார்டு அலுவலகத்தில் பதிவு செய்யப் போனேன். ஊ தின் தலை நிமிராமல், "எத்தனை நாள்?" என்றார். "நாளை வரைக்கும்" என்றேன். "ரெண்டு பேருன்னு எழுதிக்கோங்க. ஒருவேளை" என்றார். எழுதினேன்.

ஜூன் 27, வெள்ளி

மழை இல்லை.

நீதிபதி வந்தார். டாவ் மியா நேராகச் சந்தையிலிருந்து வந்திருந்தார், கருவாட்டு வாசனையோடு. குமாஸ்தா அவர் தாளை மட்டும் மின்னல் வேகத்தில் முடித்து அனுப்பினார். அடுத்து டாவ் கின். நீதிபதி கடிதத்தையும் குடும்பப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிபாரிசு எழுதினவரும் நீங்களும் ஒரே வீடா?"

"ஆமா. அவருக்கு ஆபீஸ் வேலை. அதான் நான் வந்தேன்."

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?"

"படிக்கத் தெரியும் எனக்கு."

நீதிபதி பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் "நன்றி" என்றது எனக்கே கேட்கவில்லை.

சிறை வாசலில் நான்கு மணி நேரம். மாலை ஐந்தரைக்குச் சின்னக் கதவு திறந்தது. மா சோ வந்தாள், மெலிந்து, கையில் ஒரு பை, காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. டாவ் தான் ஓடவில்லை. நடந்து போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார். எக்கலு வேனுக்குப் பின்னால் போய் டயரைப் பரிசோதித்தார், ரொம்ப நேரம்.

வேனில் ஏறியதும் டாவ் தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். மா சோ தொடவில்லை.

"சயாமா, பேனா இருக்கா?"

"முதல்ல சாப்பிடும்மா."

"மறந்துடுவேன். எழுதிக்குங்க. எங்க அறையில வக்கீல் இல்லாதவங்க பதினோரு பேர். தினமும் காலையில சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வேன் குலுங்க எழுதியதை இங்கே படி எடுக்கிறேன்.

1. டாவ் சீ, 61. மீன் விற்றவர். குறட்டை விடுவார், நல்லவர்.
2. மா வா வா, 19. எப்போதும் அழுவாள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.
3. மா எய், 30. பள்ளிக்கூட டீச்சர். எல்லோருக்கும் கணக்குச் சொல்லித் தருகிறார், வேண்டாம் என்றாலும்.
4, 5. மா ந்வே, மா நூ. அக்கா தங்கை. ஒரே வழக்கில் போடச் சொல்ல வேண்டும்.
6. லக்ஷ்மி என்கிற மா லா, 44. தமிழ் பேசுவார். என்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம்.
7. மா யூ, 22. ஐந்து மாதக் கர்ப்பம்.
8. டாவ் மூ, 50. காது கேட்காது. நீதிமன்றத்தில் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது.
9. மா பான், 27. மா சோவுக்கு ஒற்றைச் செருப்பு கொடுத்தவள்.
10. மா கே, 20. பிறந்த நாள் அடுத்த வாரம்.
11. மா ஏ தந்தா

பதினொன்றாவது பெயரைச் சொல்லிவிட்டு, வயது சொல்வதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சோறு மடியில் அப்படியே. எழுப்பலாமா என்று டாவ் தானைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வீடு வரைக்கும் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.